அழுகுணி ஆட்டம் கூடாது!

தாயக்கட்டையை உருட்டிவிட்டு, விழுந்தது பிடிக்கவில்லை என்றால், "கை தவறிப் போச்சு, இது செல்லாது" என்று மறுபடியும் உருட்டுவாள் ஒருத்தி. பாண்டி ஆடும்போது கோட்டை நன்றாக மிதித்துவிட்டு, "மிதிக்கவே இல்லை, சத்தியமா!" என்பாள் இன்னொருத்தி. பல்லாங்குழியில் ஒரு சோழியை விரலிடுக்கில் ஒளித்துக் கொள்வதில் சில பாட்டிமார்கள்கூடக் கைதேர்ந்தவர்கள்தான்! இதற்கெல்லாம் நம் பக்கத்தில் ஒரே பெயர்: அழுகுணி ஆட்டம். ஆட்டம் என்றால் விதி வேண்டும், அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திண்ணையிலும் கூடத்திலும் ஆடியே தெரிந்துகொண்டோம்.

ஆகவே, "நாங்கள் ஹாலுக்குள் கிரிக்கெட் ஆடுகிறோம், அதற்கு ஒரு கிளப்கூட வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் சகோதரிகள் சிரிக்கக் கூடாது. பெண்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பைப் போட்டியை ஆடியவர்கள் பெண்கள்தான். அது இங்கிலாந்தில் 1973-ல் நடந்தது. ஆண்களுக்கு உலகக் கோப்பை வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1975-ல்!

சென்னையில் எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். கீழ்த் தளத்தில் ஒரு ஹால் உண்டு. சீமந்தம், பிறந்த நாள், சங்கக் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழந்தைகள் வெளியே போக முடியாமல் வீட்டையே இரண்டு பண்ணியபோது, "நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஹாலில் ஆடுங்களேன்" என்றார்கள் பெரியவர்கள். டென்னிஸ் பந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டம்ப். நாலு பையன்கள் தொடங்கினார்கள். பத்து நாளில் பெண் குழந்தைகள் வந்தார்கள், பிறகு அம்மாக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாக்கள். ஆட்டக் கணக்கு எழுதுகிற நோட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது.

விதி என்று யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. "சும்மா பொழுதுபோக்குக்குத்தானே, அதற்கு என்ன சட்டதிட்டம்?" என்றார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பந்து யாருடையதோ அவன் சொல்வதுதான் சட்டம். நன்றாக அடிக்கிற இரண்டு பையன்கள் முக்கால் மணி நேரம் மட்டையை விடுவதில்லை. அவர்கள் பாஷையில் அதற்கு "ஃபுல் காஜி" என்று பெயர். சின்னவர்கள் எல்லாம் "ஒப்புக்குச் சப்பாணி". பந்து பொறுக்கிப் போடலாம், முறை வராது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மூன்று வாரம் ஒரு பந்துகூட ஆடாமல் மூலையில் ஃபீல்டிங் செய்துவிட்டு, நாலாவது வாரம் வரவில்லை. "தலைவலி" என்று சொல்லி அனுப்பினாள். அவளுடைய தலைவலி எது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று இதைவிட மோசம். சுவரில் பட்டு வந்த பந்தை ஒருவன் ஒற்றைக் கையால் பிடித்தான். அவுட்டா, இல்லையா? பிடித்தவனும் அடித்தவனும் பக்கத்துப் பக்கத்து வீடு. பையன்கள் கத்தினார்கள், அம்மாக்கள் சமாதானம் செய்ய வந்தார்கள், சமாதானம் சண்டையாயிற்று. ஊருக்குப் போனால் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்குச் சிநேகமாக இருந்த குடும்பங்கள் அவை. அதற்கப்புறம் சாவி வாட்ச்மேனிடம் போயிற்று.

அந்த மார்கழியில் பெர்த் நகரிலிருந்து என் நாத்தனார் பெண் வந்திருந்தாள். ஆஸ்திரேலியாவில் 1970-களின் கடைசியில் அந்தப் பெர்த் நகரில்தான் வலை கட்டிய கூடத்துக்குள் ஆடும் கிரிக்கெட் பிரபலமானது. அங்கே ஆபீஸ் முடிந்து ஆணும் பெண்ணும் கலந்து போய் ஆடிவிட்டு வருவார்களாம். "அத்தை, எங்க ஊர் விதியைக் கேளுங்க, உங்க சண்டை பாதி தீர்ந்துடும்" என்றாள். கேட்டேன், அசந்து போனேன்.

ஒரு கட்சிக்கு எட்டுப் பேர். 16 ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் பந்து போட்டே ஆக வேண்டும். மட்டை பிடிப்பது இரண்டிரண்டு பேராக. ஒவ்வொரு ஜோடிக்கும் நாலு ஓவர். இதில் விசேஷம் என்ன தெரியுமா? அவுட் ஆனால் வெளியே போக வேண்டாம்! கட்சியின் கணக்கில் 5 ரன் குறையும், அவ்வளவுதான். நின்று, மீதிப் பந்துகளையும் ஆடலாம். ஒரு ஜோடி 30 ரன் எடுத்து இரண்டு தடவை அவுட் ஆனால் கணக்கு 20. ரொம்பவும் தடுமாறினால் ரன் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும்! சுற்றிலும் உள்ள வலையில் எந்தப் பக்கம் பந்து பட்டது என்பதைப் பொறுத்து உபரி ரன் உண்டு. ஆனால் ஒரு ரன்னாவது ஓடி எடுத்தால்தான் அந்த உபரி சேரும். பக்கத்து வலையில் பட்டு வருகிற பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அவுட்.

இதில் உள்ள நியாயத்தைக் கவனியுங்கள். வெட்ட வெளிக் கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட் ஆனவள் மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு மேலும் மேலும் ஆட்டம், தெரியாதவருக்கு நாற்காலி. பிறகு எப்படித்தான் கற்றுக்கொள்வது? பெர்த் விதியில் தப்புக்குத் தண்டனை உண்டு, ஆனால் தப்பு செய்தவரை வெளியே தள்ளுவதில்லை. குழந்தை வளர்க்கிற நமக்கு இது புரியாதா என்ன!

அந்த விதிகளை எங்கள் ஹாலுக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்துக்கொண்டோம். ஒரு சார்ட் தாளில் எழுதி அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அது இதுதான்:

1. கட்சிக்கு ஆறு பேர். ஆறு ஓவர். ஆளுக்கு ஒரு ஓவர் பந்து போட வேண்டும்.

2. மூன்று ஜோடி. ஜோடிக்கு இரண்டு ஓவர். நன்றாக ஆடுகிறவர் ஒருவர், பழகுகிறவர் ஒருவர் என்று இரண்டு டப்பாவில் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்போம். கட்சி பிரிப்பதும் குலுக்கலில்தான்.

3. ஒருவர் தொடர்ந்து ஆறு பந்துக்கு மேல் ஆடக் கூடாது.

4. அவுட் ஆனால் 3 ரன் குறையும். ஆட்டம் தொடரும்.

5. சுவரில் பட்ட பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அவுட். ஒரு தடவை தரையில் பட்டால் அவுட் இல்லை. மின்விசிறியில் பட்டால் ரன்னும் இல்லை, அவுட்டும் இல்லை.

6. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் கையைக் கீழே வைத்துத்தான் பந்து போட வேண்டும். பந்து ஒரு தடவை எழும்ப வேண்டும். உருட்டக் கூடாது.

7. அம்பயர் சொல்வதே முடிவு. சந்தேகம் இருந்தால் அவுட் இல்லை.

8. யாரும் தம் முறையை விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஆறாவது விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1981 பிப்ரவரி 1-ஆம் தேதி, மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஜிலாந்துக்கும் ஆட்டம். கடைசிப் பந்தில் நியூஜிலாந்து ஆறு ரன் அடித்தால் சமன் ஆகும். ஆஸ்திரேலியக் காப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம், பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். உருண்டு வருகிற பந்தை எப்படி ஆறு அடிப்பது? ஆஸ்திரேலியா ஜெயித்தது. அன்றைய விதிப்படி அதில் தப்பு இல்லை. ஆனாலும் உலகமே முகம் சுளித்தது. பிறகு ஒரு நாள் ஆட்டங்களில் அப்படிப் போடுவதையே தடை செய்துவிட்டார்கள்.

அங்கே கையைக் கீழே வைத்துப் போட்டது எதிராளியின் வாய்ப்பைப் பறிக்க. எங்கள் ஹாலில் கையைக் கீழே வைத்துப் போடச் சொல்வது எதிராளிக்கு வாய்ப்புக் கொடுக்க. விதி ஒரு பக்கம் இருக்க, அது யாருக்காக என்று கேட்டுப் பார்த்தால் நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முதலில் அப்பாக்கள், "என்னம்மா, கோலிக்குண்டு ஆடச் சொல்றீங்களா?" என்று முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களுக்குள்ளேயே போட்டி, யார் பந்து அதிகமாகத் திரும்புகிறது என்று!

சின்னக் குழந்தைகளுக்குச் சலுகை காட்டுவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறோம். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவுட் ஆனால் ரன் குறையாது, ஸ்டம்புக்குப் பக்கத்திலிருந்து மெதுவாகப் போட வேண்டும். இதை ஆட்டம் தொடங்குமுன் எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவோம். ஆனால் வேண்டுமென்றே பந்தைக் கோட்டைவிட்டு, "அடடா, நீ ஜெயிச்சுட்டியே கண்ணா!" என்று நடிப்பது கிடையாது. குழந்தைகளுக்கு அது தெரிந்துவிடும். ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் அப்படி நடித்த பெரியவரைப் பார்த்து, "மாமா, நிஜமா ஆடுங்க" என்று சொன்னானே! வெளிப்படையாகக் கொடுத்த சலுகை அவனுக்குக் கௌரவம். ஒளித்துக் கொடுத்த வெற்றி அவமானம்.

அம்பயர் விஷயத்துக்கு வருவோம். ஹாலில் கேமரா இல்லை, டென்னிஸ் பந்து மட்டையைத் தொட்டால் சத்தமும் சரியாகக் கேட்காது. ஆடுகிறவரின் மனசாட்சிதான் பாதி அம்பயர். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்டில் பாப் டெய்லரை அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றவே, நம் காப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் அவரைத் திரும்ப வந்து ஆடச் சொன்னார். டெய்லரும் போத்தமும் நின்று ஆடி ஆட்டத்தையே திருப்பிவிட்டார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. ஆனால் அந்த ஆட்டம் என்றதும் இன்றும் விஸ்வநாத்தின் பெயரையும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

எங்கள் ஹாலிலும் ஒரு விஸ்வநாத் இருக்கிறார், அறுபதைத் தாண்டிய மாமி! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றால் பந்தை இடைவெளி பார்த்துத் தட்டிவிடுவார். ஒரு நாள் கடைசி ஓவர். மூன்று பந்தில் நாலு ரன் வேண்டும். பந்து மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு பின்னால் நிற்கிற பையன் கைக்குப் போயிற்று. யாருக்கும் கேட்கவில்லை. அம்பயர், "அவுட் இல்லை" என்றார். மாமி, "இல்லைப்பா, பட்டுது. மூணு குறைச்சுக்கோ" என்றார். குறைத்தேன். இரண்டு ரன்னில் தோற்றார்கள்.

அதே கட்சியில் இருந்த பேரனுக்கு ஆத்திரம். "ஏன் பாட்டி சொன்னே? யாருக்குமே தெரியலையே!"

"எனக்குத் தெரியுமேடா" என்றார் மாமி.

அவன் ராத்திரி தோசைக்குத்தான் வாயைத் திறந்தானாம். அன்றைக்கே திருந்தி உத்தமன் ஆகிவிட்டான் என்று நான் கதை கட்டப் போவதில்லை. இன்றும் அவுட் கொடுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஆனால், "பந்து பட்டதாடா?" என்று கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டு, "பட்டது" என்கிறான். ஒன்பது வயசுக்கு அது பெரிய விஷயம் இல்லையா?

விட்டுக் கொடுப்பதும் நியாயமும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் நம் தீப்தி சர்மா, பந்து போடுமுன்பே கோட்டைத் தாண்டிப் போன இங்கிலாந்துப் பெண் சார்லி டீனை ரன் அவுட் செய்தார். அதுதான் கடைசி விக்கெட், ஆட்டம் முடிந்தது. "இது முறையா?" என்று பெரிய வாக்குவாதம். ஆனால் விதி தீப்தி பக்கம். அந்த அக்டோபர் முதல் அப்படி அவுட் செய்வதை விதிப் புத்தகத்திலும் "முறையற்ற ஆட்டம்" என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண "ரன் அவுட்" பகுதியில் சேர்த்துவிட்டார்கள். பந்து வருமுன்பே ஓடுவது, வரிசையில் முந்துகிற மாதிரிதானே? எங்கள் கிளப்பில் குழந்தைகளுக்கு ஒரு தடவை எச்சரிக்கை உண்டு. பெரியவர்களுக்கு அதுவும் கிடையாது.

எட்டாவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சேர்க்கச் சொன்னதும் அந்த மாமிதான். காரணம், நம் பெண்களின் பழக்கம்! "நான் எதுக்கு, என் பையன் ஆடட்டும்", "என் ஓவரை அவளே போடட்டும்", "நான் பார்த்துக்கிட்டிருக்கேன்." கணக்கு நோட்டைப் புரட்டினேன். அம்மாக்களின் பெயருக்கு எதிரே பாதிக்கு மேல் கோடுதான். மூன்றாம் மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கல்லூரியில் த்ரோபால் ஆடியவள், ஒரு மாதம் வந்தும் ஒரு பந்து தொடவில்லை. அவளுடைய முறையெல்லாம் மூத்த பையன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. பையனும் கூசாமல், "அம்மாவோட ஓவரும் என்னுது" என்று வாங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டில் பிய்ந்துபோன தோசை யார் தட்டுக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டுமா? பாசத்தால் செய்கிறோம், சரி. ஆனால் அம்மா என்றால் முறை வேண்டாதவள் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறதே! நாளைக்கு அவன் மனைவிக்கும் அதே கணக்குத்தான் போடுவான். அதனால் எங்கள் ஹாலில் முறையை விட்டுக் கொடுப்பதும் அழுகுணி ஆட்டம்தான் என்று எழுதிவிட்டோம். அவள் ஆடும்போது கைக்குழந்தையை யாராவது வாங்கிக்கொள்வார்கள். முதல் நாள், "ஐயோ, எல்லாரும் பார்க்கிறாங்க அக்கா" என்று நெளிந்தாள். நாலாவது பந்தில் எதிர்ச் சுவரில் அடித்தாள் பாருங்கள், பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்!

ஆட ஆசைப்படுகிற சகோதரிகளுக்குச் சில ஜாக்கிரதைகள். தோல் பந்து வேண்டவே வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். வழவழப்பான தரையில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், வழுக்கும். கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள், தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். ஜன்னலுக்கு நைலான் வலை கட்டுங்கள். தவழும் குழந்தைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரியவர் காவலோடு. எடுத்த எடுப்பில் ஓடாமல் ஐந்து நிமிஷம் நடந்து, கை கால்களை அசைத்துப் பழக்கிக்கொள்ளுங்கள். பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும். அதுவரை கணக்கு எழுதலாம், அம்பயராக நிற்கலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்கிற மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு ஆட்டம் ஆடினால் அதில் ஒரு பங்காவது தேறும். வாய்விட்டுச் சிரித்தது தனி லாபம்!

தலைவலி என்று நின்றுவிட்ட அந்தப் பெண், சார்ட் ஒட்டிய இரண்டாம் வாரமே வந்துவிட்டாள். இப்போது அவள் பெயர் "நன்றாக ஆடுகிறவர்" டப்பாவுக்கு மாறிவிட்டது. சண்டை போட்ட இரண்டு வீடுகளுக்கும் பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை. சாவி இன்னமும் வாட்ச்மேனிடம்தான். ஆனால் குலுக்கலில் ஒரே கட்சியில் விழுந்தால் சேர்ந்து ஆடுகிறார்கள். போன மாதம் ஒருத்தி ரன் எடுக்க, இன்னொருத்தி தன்னையும் அறியாமல், "ஓடு, ஓடு!" என்று கத்திவிட்டாள். நோட்டில் அந்த ரன்னைக் கொஞ்சம் அழுத்தமாகவே எழுதினேன்.

உங்கள் தெருவிலோ மாடியிலோ இப்படி ஒன்று ஆரம்பிப்பதானால் முதலில் பந்து வாங்காதீர்கள், சார்ட் வாங்குங்கள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே விதியை எழுதிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் கோபத்தோடு எழுதினால் அது விதி ஆகாது, வழக்கு ஆகிவிடும். தாளில் கீழே கொஞ்சம் இடமும் விட்டு வையுங்கள். எங்கள் தாளில் எட்டாவது விதிக்குக் கீழே இரண்டு விரற்கடை காலியாக இருக்கிறது. குழந்தைகள் தினமும் அதைப் பார்த்துவிட்டு, ஒன்பதாவது விதி என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.